கப்பல் கிளம்பும் முன்பே கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தைக் கடுமையாக்கக் கோரி போன வாரம் எங்கள் எம்.பி.யைப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். 'வாங்குகிற நாடுதான் இறுதிப் பயனர் சான்றிதழ் தருகிறதே' என்றார். சரி, ஆயுதத்தை நாங்களே வைத்துக்கொள்வோம், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதிய வாக்குறுதிதானே அது? அப்புறம் அந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது யார்? ஒரு துப்பாக்கி பல பத்தாண்டுகள் சுடும். அதற்குள் அதை வாங்கிய ஆட்சி எத்தனை முறை மாறியிருக்கும்!

2014 டிசம்பர் 24-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஆயுத வணிக ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு, ஏற்றுமதியாகும் ஆயுதங்கள் போர்ச் சட்டங்களை மீறப் பயன்படுமா என்று முன்கூட்டியே ஆராயச் சொல்கிறது. அந்த ஆய்வு, ஏற்றுமதி உரிமம் கொடுக்கும் முன்பே நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாசகர்களும் அவரவர் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள்.

- ஒரு வாசகர்