பிரித்துப் பார்க்க ஓர் இடம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. போனில் நெட் விஷயத்தை எடுத்தாலே "சரிம்மா, பார்க்கிறேம்மா" என்று முடித்துவிடுகிறாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் விட்டுவிடாமல் படி.

பொங்கலுக்கு வந்தபோது டிவிக்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்தாய். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, பின்னால் நாலு லேன் ஓட்டை. அதில் லினக்ஸில் ஓடும் பிராக்ஸ்மாக்ஸ் என்கிற மென்பொருள், அதற்குள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது மென்பொருளாலேயே ஆன கம்ப்யூட்டர், அதற்குள்ளே வீட்டு நெட்டுக்கு வாசல்காவலாக பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால். டப்பாவுக்குள் டப்பா. வைஃபைகூட இதிலேயே வந்துவிடும், பழைய ரவுட்டரைப் பரணில் போடு என்றாய். போட்டேன். மனசு ஒப்பாமல்தான் போட்டேன்.

முதலில் அதை மாடி அறையில் வைக்கத்தான் பார்த்தாய். சுவரைத் துளைக்க விடமாட்டேன் என்று அப்பா நின்றார். ஃபைபர் மோடத்தின் வைஃபையைப் பிடித்து ஃபயர்வாலுக்குக் கொடுக்கலாம் என்று ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தாய், ஃபயர்வாலுக்கு ஐபி முகவரியே வரவில்லை. காரணத்தை மறுநாள் காப்பி குடிக்கும்போது சொன்னாய். வைஃபையில் எந்த மேக் முகவரி, அதாவது கார்டின் அடையாள எண், கைகொடுத்து உள்ளே வந்ததோ, அதன் பேச்சை மட்டும்தான் மோடம் கேட்கும். பெட்டியின் மேக் பதிவாகியிருக்கிறது, உள்ளே இருக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கு வேறு மேக், அதன் பேச்சு வாசலிலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அது உடனே பிடிபட்டது. எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதிவாகாத நம்பருக்கு டயல் டோன் கொடுப்போமா?

கீழே வைத்த பிறகும் வைஃபை ஹாலைத் தாண்டவில்லை. ஃபயர்வால் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளத்தில், அதற்கும் வைஃபைக்கும் அவ்வளவாக ஆகாது என்று அடியில் இருக்கும் லினக்ஸிலேயே வைஃபையை ஓடவிட்டாய். ஆனால் அந்த இன்டெல் கார்டு லேப்டாப்புக்கென்று செய்தது. பந்தியில் உட்காரத் தெரியும், பரிமாறத் தெரியாது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று காற்றில் கேட்டுத் தெரிந்துகொண்டு நடக்கிற கார்டு அது, 5 கிகாஹெர்ட்ஸில் தானாக அலைபரப்ப மறுக்கிறது என்று நீயேதான் சொன்னாய். மிச்சம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் அதில்தான் குவிந்து கிடக்கின்றன. அடுக்களையில் நின்று உன்னோடு பேசினால் உன் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது இதனால்தான்.

அப்புறம் நீ கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி. வேகம் போதவில்லை என்று விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் கார்டை விர்ட்டியோ என்கிற மென்பொருள் கார்டாக மாற்றினாய். விடிகாலையில் மதுரைக்கு வண்டி ஏறிவிட்டாய். ஏழு மணிக்கு அப்பா பேப்பர் பார்க்க டேப்லெட்டைத் திறந்தால் எந்தப் பக்கமும் வரவில்லை, வட்டம் சுற்றுகிறது. லேப்டாப்பிலிருந்து வெளியே இருக்கும் 8.8.8.8 என்கிற கூகிள் சர்வரை பிங் அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தேன், பளிச்சென்று பதில் வந்தது. ரிங் போகிறது, பேச்சு கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஃபால்ட்டை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஏர்போர்ட்டில் இருந்த உன்னிடம் அதே வார்த்தையில் சொன்னேன், அரை நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு "ஐயோ, செக்சம்" என்றாய். ஒரு டிக் போட்டு, ஃபயர்வாலை ஒருமுறை நிறுத்தி எழுப்பியதும் சரியாயிற்று. நெட்டில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் சரிபார்ப்பு எண்ணைக் கார்டு போட்டுக்கொள்ளும் என்று ஃபயர்வால் விட்டுவிடுகிறது, அந்தக் கார்டோ நிஜக் கார்டே இல்லை, யாரும் போடுவதில்லை. கணக்கு ஒத்துவராத பொட்டலத்தை எதிர்முனை வீசிவிடுகிறது. ஊருக்குக் கிளம்பும் ராத்திரியில் ஓடிக்கொண்டிருக்கிற எதையும் தொடக்கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் நடந்ததுதான் எனக்கு நிஜமாகவே கோபத்தை வரவழைத்தது. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். இன்வெர்ட்டரும் மத்தியானத்தோடு படுத்துவிட்டது. சாயங்காலம் கரண்ட் வந்தது, பெட்டியில் விளக்கு எரிந்தது, போனில் வைஃபை பெயரும் தெரிந்தது. தொட்டால் "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்று நின்றுகொண்டே இருந்தது. உனக்குப் போட்டேன், நீ மீட்டிங்கில். டப்ளினிலிருந்து நானே பார்த்துக்கொள்வேன் என்று வெளியிலிருந்து வீட்டு நெட்டுக்குள் நுழைய விபிஎன் போட்டுவிட்டுப் போனாயே, அதுவும் அந்த ஃபயர்வாலுக்குள்ளேதான் இருக்கிறது. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கும் கயிறும் கிணற்றுக்குள்ளேயே கிடந்தது.

சரி என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, உன் பழைய லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டினேன். அதற்குக் கிடைத்த முகவரி 169.254 என்று தொடங்கியது. அப்படியென்றால் முகவரி கொடுக்க ஆளே இல்லை என்று அர்த்தம். கையால் 192.168.1.50 என்று போட்டேன். பெட்டியின் அடியில் நீ ஒட்டியிருந்த ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் படித்து, பிரவுசரில் அந்த முகவரியையும் 8006 என்கிற போர்ட் எண்ணையும் தட்டினேன். பிராக்ஸ்மாக்ஸ் திறந்தது. ஃபயர்வால் சாம்பல் நிறத்தில் தூங்குகிறது! கரண்ட் வந்தால் அதுவாக எழுந்திருக்க வேண்டும் என்கிற டிக்கை நீ போடவே இல்லை. ஸ்டார்ட் அழுத்தினேன். இரண்டு நிமிஷத்தில் அப்பாவின் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. அந்த டிக்கையும் நானே போட்டுவிட்டேன்.

நான் 1989-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு 128 போர்ட் சி-டாட் எக்ஸ்சேஞ்ச். அந்தச் சின்ன எக்ஸ்சேஞ்சிலேயே முக்கியமான கார்டுகள் இரண்டிரண்டு இருக்கும், ஒன்று படுத்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம் எம்.டி.எஃப்., வெளி லைன்கள் எல்லாம் எக்ஸ்சேஞ்சோடு சேரும் இணைப்புச் சட்டகம். புகார் வந்ததும் அதன் முன்னால் போய் நின்று லைனைப் பிரித்துவிட்டு, பழுது வெளியேவா உள்ளேவா என்று பார்ப்போம். வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். 2020 ஜனவரி 31 அன்று விருப்ப ஓய்வில் வெளியே வரும்வரை எனக்குச் சோறு போட்டது அந்த ஒரு பழக்கம்தான். உன் பெட்டியில் எங்கே பிரிப்பது? வைஃபை, ஃபயர்வால், விபிஎன் எல்லாம் ஒரே வயிற்றில். மோடமா, பெட்டியா, உள்ளே இருக்கிற டப்பாவா என்று வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பழைய ரவுட்டரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். முதலில் கேபிளை அதன் வேன் ஓட்டையில், அதாவது வெளி நெட்டுக்கான ஓட்டையில், சொருகிவிட்டேன். நெட் வந்தது, ஆனால் ரவுட்டர் வீட்டுக்குள்ளேயே தனிக்குடித்தனம் வைத்துவிட்டது. போன்கள் அதற்குப் பின்னால், கம்பியில் இருக்கும் டிவி பெட்டியோ அதற்கு வெளியே, ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. பேத்தி படத்தைப் பெரிய டிவியில் போட முடியவில்லை என்று அப்பா முகத்தைத் தூக்கிக்கொண்டார். பிறகு லேன் ஓட்டைக்கு மாற்றினேன், முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அதில் அணைக்க மறந்துவிட்டேன். ஒரே பந்திக்கு இரண்டு பேர் இலை போட்டால் எப்படி இருக்கும்? இன்றைக்கு என் போன் ஓடும், அவருடையது ஓடாது, நாளைக்கு நேர்மாறு. மூன்றாம் நாள்தான் உறைத்தது. இப்போது டிஎச்சிபியை அணைத்து, ரவுட்டருக்கு 192.168.1.3 என்று ஒரு முகவரி கொடுத்து, மாடிப்படி வளைவில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். அடுக்களையில் உன் முகம் முழுசாகத் தெரிகிறது. சுவரையும் துளைத்தாயிற்று, அப்பாவே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டால் தானே முதலில் சொன்னதாகச் சொல்வார், விட்டுவிடு.

பெட்டிக்குள் இருக்கும் வைஃபையை அணைத்து மட்டும் வை. கார்டைக் கழற்றச் சொல்லாதே. கழற்றினால் லேன் ஓட்டைகளின் பெயர் லினக்ஸில் ஒரு எண் தள்ளிப் போய்விடலாம், லேன் ஓட்டையை ஃபயர்வாலோடு இணைக்கும் பிரிட்ஜ் தன் ஓட்டையைக் காணாமல் முழிக்கும் என்று படித்தேன். அப்படி ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து 8006 தட்டுவதற்கும் வழியில்லை. தீபாவளிக்கு வரும்போது நீயே கழற்றிக்கொள். கரண்ட் வந்ததும் பெட்டி தானாக ஆன் ஆகிற செட்டிங் பயாஸில் இருக்கிறதா என்றும் அப்போது பார்த்துவிடு. போன தடவை ஆன் ஆனது, எல்லாத் தடவையும் ஆகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று அவசரம். சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய கேபிள் ஒன்றை மோடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். பெட்டி செத்தால் அதை ரவுட்டரின் வேன் ஓட்டையில் சொருகி நேராக நெட்டை எடுத்துக்கொள்வேன். ஆனால் மோடம் தானே லாகின் செய்யாதபடி அதை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றி வைத்திருக்கிறாய். நெட் கம்பெனியில் லாகின் செய்யும் பிபிபிஓஇ பெயரும் பாஸ்வேர்டும் அந்த ஃபயர்வாலுக்குள்ளே மட்டும்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஒவ்வொரு எழுத்தாகச் சொல், பழைய டைரியின் பின்னட்டையில் எழுதிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, அப்பா அதைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார்.

அன்புடன்,
அம்மா