இடம் இருக்கிறது, கூட உட்காரத்தான் ஆள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ உளவியலில் முனைவர் பட்டப் பயிற்சி ஐந்தாறு வருடம் இழுக்கிறது, அதை இரண்டு வருடமாகச் சுருக்கினால் மனநல நிபுணர்களின் பற்றாக்குறை தீரும் என்று சென்ற வாரம் நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பற்றாக்குறை பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பயிற்சி கிளினிக்கின் காத்திருப்போர் பட்டியலை வாரந்தோறும் பார்க்கிறவள் நான். ஆனால் வருடத்தைக் குறைத்தால் ஆள் பெருகும் என்ற கணக்குதான் இடிக்கிறது. பதினோரு வருடமாக அப்படி ஒரு பயிற்சித் திட்டத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கட்டுரையாளர் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் வீட்டிலேயே படித்துக்கொள்ளலாமே என்கிறார். படித்துக்கொள்ளலாம்தான். எங்களுக்கு நேரம் பிடிப்பது அதில் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டாம் வருட மாணவர் ஒருவர். தேர்வுகளில் முதல் மாணவர், மனச்சோர்வு பற்றி மணிக்கணக்கில் பேசுவார். சிகிச்சைக்கு வருபவரின் சம்மதத்தோடு ஒவ்வொரு செஷனையும் பதிவு செய்வது எங்கள் வழக்கம். அந்த வாரம் அவருடைய குறிப்பில், "மனநிலை சற்றுத் தாழ்ந்திருக்கிறது, தற்கொலை எண்ணம் இல்லை" என்று எழுதியிருந்தார். நான் பதிவைப் போட்டுக் கேட்டேன். முப்பத்தோராவது நிமிடத்தில் அந்தப் பெண், "நான் இல்லேன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்கிறார். குரல் உயரவில்லை, அழவில்லை. பேச்சோடு பேச்சாக வந்து போகிறது. ஒரு நொடி அமைதி. அப்புறம் மாணவரின் குரல்: "சரி, போன வாரம் கொடுத்த பயிற்சியை செஞ்சு பாத்தீங்களா?"

மாணவரைக் கூப்பிட்டு அந்த ஒரு நிமிடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. "மேடம், இது எனக்குக் காதுலயே விழல" என்றார். பொய் சொல்லவில்லை. அடுத்து என்ன கேட்பது என்ற யோசனையிலேயே இருந்திருக்கிறார். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான் இது. அன்று மதியமே அந்தப் பெண்ணை வரவழைத்தோம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மாணவர் நேரடியாகக் கேட்டார்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாணவருக்கும் அது தெரியும், தேர்வில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வார்த்தையை எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்வது வேறு. அந்தப் பெண் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்றார். அவருடைய சம்மதத்தோடு குடும்பத்தாரை அழைத்தோம், மனநல மருத்துவரிடம் அனுப்பினோம், வாரம் இருமுறை சந்திக்க ஏற்பாடு செய்தோம். இன்று நலமாக இருக்கிறார்.

பதிவை யாரும் கேட்டிருக்காவிட்டால், குறிப்பேட்டில் இருந்தது ஒழுங்கான, சுத்தமான ஒரு வரி.

பதிவைக் கேட்பது என் சொந்தப் பிடிவாதம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940 வாக்கில், இசைத்தட்டு போன்ற தட்டுகளில் சிகிச்சைப் பேச்சைப் பதிவு செய்தார். ஒருவருடன் நடந்த எட்டுச் சந்திப்புகளையும் வரிக்கு வரி 1942ல் அச்சிலும் கொண்டுவந்தார். அதற்கு முன்பெல்லாம் அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சிகிச்சையாளரின் நினைவுதான் சாட்சி. அந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? 2012ல் வெளியான ஓர் ஆய்வில் 129 மனநலத் தொழிலர்களிடம், சக தொழிலர்களோடு ஒப்பிட்டுத் தங்களுக்கே மதிப்பெண் போடச் சொன்னார்கள். கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்துக்குள் வைத்தார்கள். சராசரிக்குக் கீழே என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் தொழிலில் ஊறியவர்கள். மாணவர்கள் எம்மாத்திரம், நான்தான் எம்மாத்திரம். அதனால் என் செஷன்களையும் மாதத்தில் ஒன்று சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு மாணவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கு முன் பதிவு கேட்க ஒன்றரை மணி நேரம். சோதனை ரிப்போர்ட் என்றால் இன்னும் கூடும். ஒரு குழந்தைக்கு நுண்ணறிவுச் சோதனை கொடுத்து மாணவர் எழுதும் ரிப்போர்ட் குறைந்தது மூன்று முறை என் மேசைக்கு வந்து போகும். ஏனென்றால், அதில் வரும் ஓர் எண்ணை வைத்து அந்தக் குழந்தையின் படிப்பு தீர்மானமாகலாம். இந்தத் துறையின் முதல் கிளினிக்கை அமெரிக்க உளவியலாளர் லைட்னர் விட்மர் 1896ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியபோது வந்த முதல் கேஸ், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய ஒரு பையன். அவன் கண்பார்வையிலும் கோளாறு இருப்பதை விட்மர் பார்த்தார். பையன் மந்தம் என்று எழுதி முடித்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பொறுமையைத்தான் மூன்றாவது திருத்தத்தில் நான் மாணவர்களிடம் கேட்கிறேன்.

வகுப்பும் ஆய்வும் தன் சொந்தக் கேஸ்களும் போக, ஒரு மேற்பார்வையாளர் ஒரே சமயத்தில் நான்கு மாணவர்களைத்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். எங்களிடம் மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர். வகுப்பறையில் ஐம்பது நாற்காலி இருக்கிறது. வருடத்தைப் பாதியாக்கினாலும், ஐம்பது பேரைச் சேர்த்தால் முப்பது பேரின் பதிவுகளை யாரும் கேட்கப்போவதில்லை.

கட்டுரையாளர் சொன்னதில் ஒன்றை முழுமனதோடு ஏற்கிறேன். ஆய்வேட்டில் காலம் வீணாகிறது. கையெழுத்துக்காகவும், குழு கூடுவதற்காகவும், பக்க ஓரம் எத்தனை அங்குலம் என்பதற்காகவும் மாதக்கணக்கில் மாணவர்கள் காத்திருப்பதைப் பார்த்து எனக்கே வயிறு எரிகிறது. அதை நாளைக்கே வெட்டட்டும். ஆனால் ஆய்வையே எடுத்துவிடச் சொல்வதை ஏற்க முடியாது. 1949ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கூடியவர்கள், மருத்துவ உளவியலர் சிகிச்சையாளராகவும் ஆய்வாளராகவும் ஒருசேரப் பயில வேண்டும் என்றார்கள். 1973ல் அதே நாட்டின் வெய்ல் நகரில் நடந்த மாநாடு, சிகிச்சைத் தொழிலுக்கு முதலிடம் தரும் இன்னொரு பாதையையும் ஏற்றுக்கொண்டது. எந்தப் பாதை மேல் என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. இரண்டு பாதையிலும் ஆதாரத்தை எடைபோடத் தெரிய வேண்டும். இரண்டிலும் மேற்பார்வையோடு கூடிய நேரடிப் பயிற்சியை யாரும் தொடவில்லை.

குறுகிய காலப் பயிற்சியால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜிம்பாப்வேயில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டிமார் மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்லும் திட்டம் 2016ல் வெளியான ஆய்வில் நல்ல பலன் காட்டியது. இங்கிலாந்தில் 2008 முதல் ஒரு வருடப் பயிற்சி பெற்றவர்கள் லேசான, நடுத்தர மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவுகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களுக்கும் பின்னால் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். கேஸ் கைமீறினால் அனுப்ப ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் உட்காருகிறவரைத்தான் நாங்கள் தயார் செய்கிறோம்.

போன வருடம் ஒரு மாணவியிடம், நீங்கள் இன்டர்ன்ஷிப்புக்கு இன்னும் தயாராகவில்லை, ஆறு மாதம் கூடுதலாக இருங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. மதிப்பெண்ணில் குறையே இல்லை. எதிரில் இருப்பவர் கோபப்பட்டால் உடனே சமாதானத்துக்கு இறங்கிவிடுவார், அவ்வளவுதான். சொல்வதற்கு முன்னிரவு எனக்குத் தூக்கமில்லை. அவர் அழுதார். ஆறு மாதமும், சிகிச்சை அறையை வெளியிலிருந்து பார்க்க உதவும் ஒருபக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடப் பயிற்சியில் அந்த ஆறு மாதத்தை எங்கிருந்து எடுப்பேன்?

ஆகவே கட்டுரையாளரிடமும், கல்விக்கு நிதி ஒதுக்குகிறவர்களிடமும் கேட்பது ஒன்றுதான். மேற்பார்வை நேரத்தை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்து, அதற்குச் சம்பளம் கொடுங்கள். இப்போது எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேர் இதை மாலையில், வீட்டு நேரத்தில் செய்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு மேற்பார்வையாளரைக் கொடுத்தால், வரும் சேர்க்கையில் நான்கு பேரைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியல் முனைவர் பட்டப் பயிற்சித் திட்டப் பொறுப்பாளர் ஒருவர்