குளிருக்கு மட்டும் இல்ல, ஈரத்துக்கும் சேர்த்து துணி எடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நம்ம பினாங்குல ஞாயித்துக்கிழமை காலையில மூன் கேட் பக்கம் போனா காடி நிறுத்த இடம் கிடைக்காது, அவ்ளோ பேர் ஹைக்கிங் வர்றாங்க, அதுல நம்ம ஆளுங்களும் நிறைய, பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா 833 மீட்டர் பினாங்கு ஹில் ஏறிப் பழகுன தைரியத்துல அக்டோபர், நவம்பர்ல குளிர் நாட்டுக்குக் கிளம்புறவங்களுக்காக இத எழுதுறேன், தயவு செஞ்சு போடுங்க.

போன அக்டோபர்ல நானும் என் மச்சானும் ஸ்காட்லாந்துல வெஸ்ட் ஹைலேண்ட் வே நடக்கப் போனோம். கிளாஸ்கோ பக்கத்துல ஆரம்பிச்சு ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் 154 கிலோமீட்டர். ஏற்பாடு பண்ணிக் குடுத்தவரு "இலையெல்லாம் சிவப்பா அழகா இருக்கும், ஒரு ரெயின்கோட் போதும்"னு சொல்லி அனுப்பிட்டாரு. குளிரும்னு தெரியும், தடியா ஜாக்கெட் வாங்கிட்டோம். உள்ள போடுறது பருத்தியா இருக்கக்கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல.

லோக் லோமண்ட் ஏரிக்கரையில நாலு நாள் மழையிலயே நடந்தோம், பூட்ஸ் காயவே இல்ல. அப்புறம் பிரிட்ஜ் ஆஃப் ஆர்க்கில இருந்து கிங்ஸ்ஹவுஸ், 19 கிலோமீட்டர், ரானக் மூர் ஓரமா போகணும். வெட்டவெளி, மரம் கிடையாது, பாதி வழிக்கு மேல ஒதுங்க ஒரு கூரை கிடையாது, காத்துல மழை பக்கவாட்டுல அடிச்சு கழுத்து வழியா உள்ள இறங்குது. மச்சான் ஜீன்ஸும் பருத்தி ஸ்வெட்டரும் போட்டிருந்தான். மத்தியானம் ஜாக்கெட் ஜிப்ப இழுக்கப் பார்த்தான், விரல் மடங்கல, மூணு தடவை ஜிப் நழுவுச்சு. பேச்சு வாயில வெத்தல வச்சிக்கிட்டு பேசுற மாதிரி குழறுச்சு. கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னு, "மாமா, இப்ப குளிரல"ன்னான். நான் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன் ஐயா, அதான் இன்னைக்கும் தூக்கம் கெடுக்குது.

பின்னாடி வந்த ரெண்டு அந்த ஊர் அம்மாங்க அவன ஒரு பார்வை பார்த்ததும் பையை இறக்கிட்டாங்க. நடுங்குற உடம்பு சூட்டுக்காகப் போராடிக்கிட்டு இருக்கு, நடுக்கம் தானா நின்னா போராட முடியலன்னு அர்த்தமாம். ஈரத்துணிய கழட்டி அவங்க கம்பளி உடுப்ப மாட்டி, பெரிய ஆரஞ்சு பிளாஸ்டிக் சர்வைவல் பேக்ல நுழைச்சு, ஈரத் தரையில படாம பை மேல உக்கார வச்சாங்க. நான் கையைத் தேய்க்கப் போனேன், தடுத்துட்டாங்க. பிராந்தி எடுத்தேன், அதையும் வாங்கி வச்சிட்டாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க பிராந்தி சூடுன்னு சொல்வாங்க, ஆனா அது தோலுக்கு ரத்தத்த ஓட விட்டு உள்ள இருக்குற சூட்டை வெளிய விட்டுடும். 999 அடிச்சு மீட்புக் குழு வந்துச்சு, சம்பளம் வாங்காத வாலண்டியர்ஸ், கொட்டுற மழையில அவன தூக்கிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரியில உடம்புச் சூடு 33 டிகிரி. 35க்கு கீழ போனாலே ஆபத்து. எங்க நடை அங்கயே முடிஞ்சுது.

நனைஞ்ச பருத்தி தண்ணிய புடிச்சு வச்சிக்கும், தண்ணி காத்தை விட 20 மடங்குக்கு மேல வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும். பாசார் மாலாம்ல (இரவுச் சந்தையில) விக்கிற ஃபுட்பால் ஜெர்சி கூட விலை கூடின பருத்தி சட்டைய விட மேல், சீக்கிரம் காஞ்சிடும், அதுக்கு மேல கம்பளி. இன்னொன்னு, நமக்கு வருஷம் முழுக்க ஏழு மணி வாக்குல தான் இருட்டும், அங்க அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னுக்கு வச்சதும் அஞ்சுக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், தலை லைட் இல்லாம போகாதீங்க. விசிலும் வேணும், ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதினா அங்க ஆபத்துன்னு அர்த்தம். அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம சபாவுல இருக்குற 4095 மீட்டர் கினபாலு மலையில நடுராத்திரி மழை புடிச்சாலும் இதே கதைதான்.

நம்ம ஹைக்கிங் குரூப் நடத்துற தம்பி தங்கச்சிங்க போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாரோட பையையும் திறந்து பாருங்க, ஜீன்ஸ் இருந்தா வெளிய எடுத்து வச்சிடுங்க. நாங்க திரும்பி வந்து வாங்கின ரெண்டு சர்வைவல் பேக் வீட்டுல சும்மா இருக்கு, இந்த வருஷம் கிளம்புறவங்க பேப்பர் ஆபீஸ் மூலமா கேட்டா குடுத்து விடுறேன்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வாசகன், பினாங்கு