தலைக்காயத்துக்குப் பின் வகுப்பறை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை மாவட்டத்தில் விபத்துச் செய்தி இல்லாமல் நாளிதழ் வெளிவரும் நாள் குறைவு. பலத்த காயத்துடன் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்பதோடு அச்செய்திகள் முடிந்துவிடுகின்றன. அடிபட்டவர் பள்ளிப் பிள்ளையாக இருந்தால், சில மாதங்களில் வகுப்புக்குத் திரும்புகிறார். அதன்பின் நடப்பதைப் பற்றியே இக்கடிதம்.

நான் சேரன்மகாதேவி வட்டாரத்தில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் பைக்கின் பின்னிருந்து விழுந்து, ஒரு பருவம் முழுவதும் வராமலிருந்து திரும்பினான். தையல் ஆறி, முடி வளர்ந்து, தழும்பும் மறைந்திருந்தது. வாய்ப்பாட்டைத் தங்குதடையின்றிச் சொன்ன அவன், காலையில் நடத்திய கணக்கை மதியம் கேட்டால் விழித்தான். மூன்றாம் பாடவேளைக்குள் மேசையில் தலை சாய்த்தான். யாரேனும் ஒரு சொல் சொன்னால் சீறினான். "மண்டைக்குள்ள இரைச்சலாக் கெடக்கு சார்" என்று அவன் சொன்னதைச் சாக்காகவே எடுத்துக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். "முன்ன மாதிரி படிக்க மாட்டேங்கான்" என்று அழுத அவன் தாயிடமும் கண்டிப்பு போதவில்லை என்றே சொன்னேன். அவன் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை.

மூளைக்காயத்தின் இயல்பே அது என்பதைப் பின்னர் ஒரு மருத்துவர் விளக்கியபோதுதான் அறிந்தேன். பழையது நினைவில் நிற்க, புதியது தங்காமல் போகலாம். நெற்றிப்புறத்து மூளை அடிபட்டால் கோபத்தை அடக்கும் ஆற்றலும், வேலையை வரிசைப்படுத்திச் செய்யும் ஆற்றலும் குலையலாம். சிறு வயதில் பட்ட அடியின் விளைவு, பாடம் கடினமாகும் மேல் வகுப்புகளில்தான் வெளிப்படுவதும் உண்டு. அதற்குள் விபத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளில் மூளைக்காயம் தனி வகையாக இல்லை. பேச்சுக் குறை, கை கால் முடக்கம் என்று அதன் விளைவு வேறொரு வகைக்குள் அடங்கினால்தான் சான்றிதழுக்கு வழியுண்டு. அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டத்தில் இது 1990லேயே தனி வகையாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதுபவருக்கும் சான்றிதழ் கேட்கப்படலாம். ஆனால் பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுப்பதற்கும், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லி அதைக் கரும்பலகையில் எழுதிவைப்பதற்கும், சந்தடியில்லாத இடத்தில் பத்து நிமிடம் கண்மூட விடுவதற்கும் எந்தச் சான்றிதழும் தேவையில்லை. முதல் காயம் ஆறுமுன் படும் இரண்டாவது அடி ஆபத்தானது என்பதால், மருத்துவர் அனுமதிக்கும் வரை கபடி போன்ற அடிபடக்கூடிய விளையாட்டுகளுக்குக் கண்டிப்பாக விடக்கூடாது.

இவற்றை ஆசிரியருக்கு யார் சொல்வது? ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படத்தோடு வீட்டு ஆணியில் மஞ்சள் பைக்குள் தொங்குகிறது. தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்ற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது, தலைமையாசிரியருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பையும் கொடுத்தனுப்ப மருத்துவமனைகளுக்கு மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்த வேண்டும். அதன் நகல், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உதவும் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியருக்கும் போக வேண்டும். முதல் மாதம் அரைநாள் மட்டும் வரலாமா, மீண்டும் பரிசோதனை எப்போது என்ற இரண்டும் அதில் தவறாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
சேரன்மகாதேவி.