வார்டுக் கணக்கு அழியும் முன்: வேல்ஸ் தேர்தல் மேலாண்மை வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வேல்ஸ் தேர்தல் மேலாண்மை வாரியத்துக்கும், 22 உள்ளாட்சி மன்றங்களின் தேர்தல் நடத்தும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். 2027 மே 6ஆம் தேதி வேல்ஸ் முழுக்க மன்றத் தேர்தல் நடக்க இருக்கிறது. அன்றிரவும் மறுநாளும் எண்ணும் மேசைகளில் உருவாகும் எண்களில் பல பொதுமக்கள் கண்ணில் படுவதேயில்லை. எண்ணிக்கைத் தாள்கள் ஓராண்டு பாதுகாப்பில் இருக்கும். பிறகு சட்டப்படி அழிக்கப்படும். அழிவது வாக்குச் சீட்டு மட்டுமல்ல. சீட்டுக் கணக்கு, சரிபார்ப்பு அறிக்கை, செல்லாத வாக்குகளின் வகைப்பட்டியல் எல்லாமே அந்தக் கட்டோடு போய்விடும். 2022 தேர்தலுக்குரியவை அப்படித்தான் காலாவதியாயின. 2027க்கும் அதுவே நடக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கோரிக்கை. ஒவ்வொரு வார்டுக்கும் ஒரே வடிவிலான முடிவுக்கோப்பை 22 மன்றங்களும் வெளியிட வேண்டும். பழைய தேர்தல்களுக்குக் கையில் இருப்பதையெல்லாம் அதே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. கார்டிஃபிலும் ஸ்வான்சீயிலும் குடியிருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அங்கே வாக்குரிமை இருக்கிறது. தங்கள் வார்டில் போன முறை என்ன நடந்தது என்று அவர்கள் தேடிப் பார்க்கும்போது, கிடைக்கும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே மாவட்டத்தை எடுத்துக்கொண்டு பேசுவோம். ஆங்கிள்சி தீவு, வெல்ஷ் மொழியில் அனிஸ் மோன். 1974 உள்ளாட்சிச் சீரமைப்பில் வேல்ஸ் 8 கவுண்டிகளாகவும் (பெரிய நிர்வாகப் பகுதிகள்), அவற்றுக்குள் 37 மாவட்டங்களாகவும் பிரிந்தபோது, இது க்வினெத் கவுண்டியின் ஐந்து மாவட்டங்களில் ஒன்றாக ஆனது. புதிய மாவட்டங்களுக்கு முதல் தேர்தல் 1973இலேயே முடிந்திருந்தது. 1996 ஏப்ரல் 1ஆம் தேதி மாவட்டமும் கவுண்டியும் போய், ஒரே அடுக்கு மன்றம் வந்தது. அதற்கான தேர்தல் 1995 மே மாதம் நடந்தது. ஆக, தீவின் பெயர் ஒன்றுதான். ஆனால் 1991இல் தேர்வானவர்கள் குப்பை அள்ளுதலையும் வீட்டுவசதியையும் கவனித்த மாவட்ட மன்றத்தினர், 1995இல் தேர்வானவர்கள் பள்ளிக்கூடம், சாலை, சமூகநலம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான மன்றத்தினர். இரண்டையும் ஒரே வரிசையில் வைத்துக் கோடு இழுக்கும் வரைபடங்கள் இதைச் சொல்வதில்லை.

அடுத்தது தேதி. மற்ற 21 மன்றங்களும் 2012 மே மாதம் வாக்களித்தன. ஆங்கிள்சி வாக்களிக்கவில்லை. மன்றத்தின் நிர்வாகம் சீர்குலைந்ததால் 2011 மார்ச்சில் வேல்ஸ் அரசு ஆணையர்களை நியமித்து அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தது. தேர்தல் 2013 மே 2க்குத் தள்ளிப்போனது. அதனால் 2012இல் லேபர் கட்சி வேல்ஸில் 577 இடம் பெற்றது என்று படிக்கும்போது, அது 21 மன்றங்களின் கணக்கு. 2017இன் மொத்தம் 22 மன்றங்களுக்கு. இரண்டையும் நேராகக் கழித்தால் வரும் ஏற்ற இறக்கம் பிழை. 2013இல் அந்தத் தீவில் லேபர் பெற்ற 3 இடங்களைச் சேர்த்தால்தான் அடிப்படை சமமாகும். மூன்று இடம்தானே என்று தோன்றலாம். சுயேச்சைகளுக்கு இதே தவறைச் செய்தால் 14 இடம் காணாமல் போகும்.

எல்லைகளும் அதே நேரத்தில் மாறின. 2008 வரை ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என 40 வார்டுகள். 2013இல் 11 பெரிய வார்டுகள், 30 இடங்கள். எட்டு வார்டுகளுக்கு மும்மூன்று பேர், மூன்று வார்டுகளுக்கு இரண்டிரண்டு பேர். 2022இல் மறுபடி மாற்றம்: 14 வார்டுகள், 35 இடங்கள். 2017 பட்டியலில் இருந்த கையர்கபி, ப்ரோ ரோசிர், ல்லிவோன் என்ற பெயர்கள் 2022 பட்டியலில் இல்லை. ட்ரேவ் கபி, பொடோவிர், கெவ்னி போன்ற பெயர்கள் புதிதாக வந்தன. சைரியோல், ல்லிக்வி போன்றவை பெயரளவில் இரண்டிலும் இருக்கின்றன. பெயர் இருந்துவிட்டால் வார்டும் அதுவேதான் என்று வைத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது: தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒவ்வொரு வேல்ஸ் வார்டுக்கும் டபிள்யூ05 என்று தொடங்கும் குறியீடு தருகிறது, எல்லை மாறினால் குறியீடும் மாறும். முடிவு அறிவிப்பில் அந்தக் குறியீட்டுக்கு ஒரு பத்தி (நெடுவரிசை) ஒதுக்குங்கள். பெயரை வைத்துப் பொருத்தும் வேலையே தேவைப்படாது.

இப்போது இடங்களைப் பார்க்கலாம். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி 2013இல் 30க்கு 12, 2017இல் 30க்கு 14, 2022இல் 35க்கு 21. சுயேச்சைகள் 14, பிறகு 13, பிறகு 10. "பிளைடுக்கு 7 இடம் கூடுதல்" என்ற செய்தி எண்ணளவில் சரி. ஆனால் அந்தத் தேர்தலில் மன்றமே 5 இடம் பெரிதானது. விகிதமாகச் சொன்னால் 40, 46.7, 60 சதவீதம். அறுதிப் பெரும்பான்மை கிடைத்ததில் ஐயமில்லை. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை மட்டும் விகிதத்தில் சொல்ல வேண்டும். வேல்ஸ் அளவிலும் இதே கதை: 2017இல் 1,254 இடங்கள், 2022இல் 1,234.

நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது வாக்கு சதவீதத்தை. ஒரு வார்டுக்கு ஒரே கவுன்சிலர் என்றால் கணக்கு எளிது. மூன்று கவுன்சிலர் வார்டில் ஒரு வாக்காளர் மூன்று பெயர்கள் வரை குறியிடலாம், ஒன்றோடும் நிறுத்தலாம். கற்பனையாக ஒரு வார்டை வைத்துக்கொள்வோம். செல்லுபடியான சீட்டு 1,800. முதல் கட்சி மூவரை நிறுத்தி 800, 750, 700 வாக்குகள் பெறுகிறது. இரண்டாம் கட்சி இருவரை நிறுத்தி 700, 650 பெறுகிறது. ஒரே ஒரு சுயேச்சை 900 பெறுகிறார். மொத்தக் குறிகள் 4,500. முதல் கட்சிக்கு இரண்டு இடம், சுயேச்சைக்கு ஒன்று.

முதல் கட்சியின் பங்கு எவ்வளவு? குறிகளையெல்லாம் கூட்டினால் 4,500க்கு 2,250, அதாவது 50 சதவீதம். ஒவ்வொரு தரப்பிலும் அதிக வாக்குப் பெற்றவரை மட்டும் எடுத்தால் 2,400க்கு 800, அதாவது 33.3. சீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 44.4. சுயேச்சைக்கு முறையே 20, 37.5, 50. மூன்றுமே கணக்காகச் சரிதான். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. முதல் வழியில் அதிக வேட்பாளரை நிறுத்திய கட்சி வீங்கித் தெரியும், தனியாளாக நின்ற சுயேச்சை சுருங்கிப் போவார். அதனால்தான் 2008க்கும் 2013க்கும் இடையே ஆங்கிள்சியில் எந்தக் கட்சியின் சதவீதம் ஏறியது, இறங்கியது என்று சொல்பவர்களிடம் முதலில் எந்த வழியில் கணக்கிட்டீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மக்கள் மனம் மாறியது எவ்வளவு, வார்டு முறை மாறியதால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க, சீட்டுகளின் எண்ணிக்கை வேண்டும். பல அறிவிப்புகளில் வேட்பாளர் வாக்குகள் மட்டுமே இருக்கின்றன.

இந்த எண் உங்களிடம் இல்லாமல் இல்லை. மூவருக்கும் ஒரே கட்சியில் குறியிட்ட சீட்டுகளைக் கட்டுக்கட்டாகவும், கலந்து குறியிட்டவற்றைக் கணக்குத் தாளிலும் பிரித்து எண்ணுகிறீர்கள். முடிவில் சமன்பாடு பார்க்கிறீர்கள்: செல்லுபடியான சீட்டுகளை இடங்களால் பெருக்கினால், போட்ட குறிகளும் போடாமல் விட்ட குறிகளும் சேர்ந்த தொகை வர வேண்டும். மேலே சொன்ன வார்டில் 1,800ஐ 3ஆல் பெருக்கினால் 5,400. போட்டது 4,500, விட்டது 900. மேசையில் இந்தக் கணக்கு பொருந்தாவிட்டால் முடிவு அறிவிக்கவே மாட்டீர்கள். பொருந்திய பிறகு அந்த 1,800ஐயும் 900ஐயும் அறிவிப்பில் இரண்டு வரியாகச் சேர்ப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும்?

செல்லாத வாக்கும் அப்படியே. அலுவல் முத்திரை இல்லாதவை, உரிமைக்கு மேல் குறியிட்டவை, வாக்களித்தவரை அடையாளம் காட்டுபவை, வெற்றுச் சீட்டு அல்லது யாருக்கென்று தெளிவில்லாதவை என்று பிரித்தே எழுதுகிறீர்கள். ஒரு பகுதி மட்டும் தள்ளப்பட்ட சீட்டுகளும் உண்டு. பல இட வார்டில் அவை முக்கியம், ஏனென்றால் அந்தச் சீட்டு செல்லும், அதிலுள்ள ஒரு குறிதான் செல்லாது. ஒற்றை இட வார்டைப் பல இட வார்டாக மாற்றிய பிறகு உரிமைக்கு மேல் குறியிட்ட சீட்டுகள் கூடினவா குறைந்தனவா என்பது, வாக்காளருக்கு விளக்கம் போதுமானதா என்று அறிய நேரடியான அளவுகோல். அதை ஓராண்டில் அழித்துவிட்டு, பிறகு ஊகத்தில் பேசுகிறோம்.

போட்டியின்றித் தேர்வானவர்கள், நம் ஊர்ப் பேச்சில் அன்னபோஸ்ட். 2022இல் வேல்ஸ் முழுக்க 74 பேர். அதில் 28 பேர் க்வினெத்தில் மட்டும், அங்கே மொத்த இடமே 69. அந்த வார்டுகளில் வாக்குப்பதிவே இல்லை. ஆகவே மன்றத்தின் வாக்குப்பதிவு சதவீதத்தைக் கணக்கிடும்போது அந்த வார்டுகளின் வாக்காளர் எண்ணிக்கையைக் கீழ்த்தொகையிலிருந்து, அதாவது எதால் வகுக்கிறோமோ அந்த எண்ணிலிருந்து, கழிக்க வேண்டும். கழித்தீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். கட்சி வாரியான வாக்கு விகிதத்திலும் இதே சிக்கல்: எதிர்க்க ஆளில்லாத அளவுக்கு ஒரு கட்சி பலமாக இருக்கும் வார்டில்தான் அதற்குப் பூஜ்ஜிய வாக்கு பதிவாகிறது. தயவுசெய்து பூஜ்ஜியம் போடாதீர்கள். காலியாகவும் விடாதீர்கள். "போட்டியின்றி" என்று எழுதுங்கள். வாக்காளர் எண்ணிக்கையை மட்டும் பக்கத்தில் கொடுங்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தைக் காலவரிசையில் வைக்கும்போது கீழ்த்தொகையே மாறிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2022இல் 16, 17 வயதினரும் சட்டப்படி குடியிருக்கும் மற்ற வெளிநாட்டினரும் முதல்முறையாக மன்றத் தேர்தல் வாக்காளர் பட்டியலில் வந்தார்கள். 2024 சட்டம் தானாகவே பெயர் சேர்க்கும் முறைக்கு வழி திறந்தது. கார்மார்தன்ஷயர், க்வினெத், நியூபோர்ட், பொவிஸ் ஆகியவற்றில் அதற்கு முன்னோட்டம் நடந்தது. பட்டியல் நிறைவாக ஆக ஆக, முன்பு போலவே அதே ஆட்கள் வந்து வாக்களித்தாலும் சதவீதம் இறங்கித் தெரியும். நல்ல சீர்திருத்தத்துக்கு ஆர்வமின்மை என்ற கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது. பட்டியலில் உள்ளவர் எத்தனை, சீட்டு வாங்கியவர் எத்தனை, அதில் அஞ்சல் வழி எத்தனை என்று எண்களாகக் கொடுங்கள்; சதவீதத்தை அவரவர் போட்டுக்கொள்வோம்.

சுயேச்சை என்ற பத்திக்கு வருவோம். வேல்ஸில், குறிப்பாக ஆங்கிள்சியிலும் பொவிஸிலும், இந்தப் பத்திக்குள் ஒருவரோடொருவர் சேராத பல குழுக்கள் இருக்கின்றன. சீட்டில் வேட்பாளர் விவரம் அச்சிடுவதே 1969 சட்டத்துக்குப் பிறகு வந்தது, ஆறு சொல்லுக்குள். கட்சிப் பெயர்ப் பதிவோ 1998 சட்டத்தால்தான் வந்தது. ஆகவே 1973 முதல் 1995 வரையிலான பட்டியல்களில் ஒருவர் எழுதிக்கொண்டதே அவர் கட்சி. அவற்றை இன்றைய கட்சிகளோடு பொருத்தும்போது மூலச் சொற்களை அழிக்காமல் ஒரு பத்தியிலும், நீங்கள் பிரித்த வகையை இன்னொரு பத்தியிலும் வையுங்கள். 2022 முதல் இன்னொரு நல்ல தகவல் சேர்ந்திருக்கிறது: கடந்த 12 மாதங்களில் வேறு பதிவு பெற்ற கட்சியில் உறுப்பினராக இருந்திருந்தால் வேட்பாளர் அதைச் சொல்ல வேண்டும், அதுவும் வெளியிடப்படுகிறது. அந்த வரி வேட்பாளர் பட்டியலோடு நின்றுவிடுகிறது, முடிவுக்கோப்பில் ஏறவில்லை. ஏற்றுங்கள்.

தள்ளிப்போன வார்டுத் தேர்தல்கள் அரிதானவை, ஆனால் முடிவைப் புரட்டக்கூடியவை. 2017இல் மெர்தர் டிட்விலின் கவார்த்வா வார்டில் வேட்பாளர் ஒருவர் இறந்ததால் அந்த வார்டின் வாக்குப்பதிவு ஜூன் மாதத்துக்குப் போனது. மூன்று இடங்களும் சுயேச்சைகளுக்கு வந்தன. மன்றம் யார் கையில் என்பதை அந்த வார்டே தீர்மானித்தது. மே மாதப் பட்டியலோடு நின்றவர்கள் மெர்தரைத் தவறாகப் பதிந்தார்கள். ஆகவே வார்டு வாரியாக வாக்குப்பதிவுத் தேதி தேவை. இடைத்தேர்தலையும் பொதுத்தேர்தலையும் பிரித்துக் காட்டும் ஒரு குறியும் அவசியம்.

கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வேட்பாளருக்கு ஒரு வரி. வார்டு அளவிலான எண்கள் தனிக் கோப்பில், டபிள்யூ05 குறியீட்டால் இணைக்கப்பட்டு. ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம்; சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) போதும். யூனிகோடில் சேமியுங்கள்: மோன், ல்லிவோன் போன்ற பெயர்களில் ஓ எழுத்தின் மேல் வரும் கூரைக்குறி வேறு குறியாக்கத்தில் சேமித்தால் சிதைந்து, ஒரே வார்டு இரண்டு பெயரில் பதிவாகிவிடுகிறது. எல்லா மன்றங்களுக்கும் பத்திகளின் பெயரும் வரிசையும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு மன்றம் தன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு, வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தி, சுற்றுச் சுற்றாக எண்ணப்படும் ஒற்றை மாற்று வாக்கு முறைக்குப் போகலாம் என்று சட்டம் இடம் தருகிறது. என்றாவது ஒன்று போனால் சுற்று வாரியான எண்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பதால், கோப்பில் சுற்று எண்ணுக்கு ஒரு பத்தியை இப்போதே விட்டுவையுங்கள்.

பழைய தேர்தல்களில் எல்லாவற்றையும் மீட்க முடியாது என்று எங்களுக்குத் தெரியும். மன்றக் குறிப்பேடுகளிலும் ஊர்ப் பத்திரிகைகளிலும் இருப்பதைத்தான் கேட்கிறோம். இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முடிவுப் பக்கங்களை நீக்க வேண்டியிருந்தால், நீக்கும் முன் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள்.

2027இன் தாள்களுக்கு இருக்கும் அவகாசம் 2028 மே வரை. ஒரே வடிவிலான மாதிரிக் கோப்பை வாரியம் தேர்தல் அறிவிப்புகள் வெளியாகும் முன் 22 அலுவலகங்களுக்கும் அனுப்பினால், எண்ணும் மேசையிலேயே அது நிரம்பிவிடும். அனுப்புவீர்களா, எந்தத் தேதிக்குள் என்று பொதுவெளியில் பதில் தாருங்கள். மாதிரியைச் சோதித்துப் பார்க்க உதவி தேவையென்றால் செய்யக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
வேல்ஸ் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைத் தொகுத்துவருவோர்