மேசன் சின்னங்களும் புதையல் வரைபடமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த புதையல் வரைபடக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். கவராயம், மூலைமட்டம், வளைவின் உச்சிக்கல், அதற்குக் கீழே நிலவறை என்று வரைபடத்தில் உள்ள குறிகளை ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவ அமைப்பின் சின்னங்களாகக் கட்டுரையாளர் அடையாளம் கண்டிருப்பது சரியென்றே நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் போகும் வழிதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. புதையல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, கவராயம் விரிந்திருக்கும் கோணத்தைத் திசையாகவும், படிகளின் எண்ணிக்கையைத் தூரமாகவும் மாற்றிவிடுகிறார்.

மேசன்கள் கூடும் இடமான லாட்ஜில் இந்தக் கருவிகள் நல்லொழுக்கப் பாடம் சொல்வதற்கு வைக்கப்பட்டவை. மூலைமட்டம் நேர்மைக்கு, ரசமட்டம் சமத்துவத்துக்கு, தூக்குக்குண்டு வளையாத நடத்தைக்கு. 24 அங்குல அளவுகோலைக்கூட அவர்கள் நிலம் அளக்க வைத்திருக்கவில்லை. நாளின் 24 மணி நேரத்தை இறைபணிக்கும் தொழிலுக்கும் ஓய்வுக்கும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லும் சின்னம் அது. அதை நம்பிக் காட்டில் அடி அளந்தால் எங்கே போய் நிற்போம்?

நிலவறைதான் இதில் முக்கியம். மேசன்களின் படிநிலைகளில் ஒன்றான ராயல் ஆர்ச்சின் சடங்கில் ஒரு கதை உண்டு. எருசலேம் ஆலயத்தின் இடிபாடுகளை அகற்றுகிறவர்கள், தரைக்கு அடியில் வளைவுக் கூரையுள்ள அறை ஒன்றைக் கண்டு, தொலைந்துபோன புனிதச் சொல்லை மீட்கிறார்கள். அங்கே தேடிப்போவது பொன்னை அல்ல, சொல்லை. ஆகவே, வரைபடம் இந்தச் சடங்கோடு எவ்வளவு பொருந்துகிறதோ, அந்த அளவுக்கு அது சடங்குக் கதையின் சித்திரமாக இருக்கும் வாய்ப்பே கூடுகிறது. கட்டுரையாளர் தமக்கு ஆதாரமாக அடுக்கிய பொருத்தங்கள் எல்லாம் அவருக்கே எதிராகத் திரும்புகின்றன.

மேசன் சடங்கோடு உள்ள இத்தகைய ஒற்றுமையை அமெரிக்க ஆய்வாளர் ஜோ நிக்கெல், கனடாவின் ஓக் தீவில் புதையல் இருப்பதாகச் சொல்லும் கதையிலும், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பீல் என்பவர் புதைத்ததாகச் சொல்லும் புதையல் கதையிலும் எடுத்துக்காட்டியிருக்கிறார். பீல் கதையைச் சொல்லி 1885-இல் வெளிவந்த சிறுநூலில் கல் பதித்த நிலவறை, பொன், வெள்ளி எல்லாம் வருகின்றன. அந்தப் புதையல் கிடைத்ததாக இன்றுவரை சான்று இல்லை.

காலக்கணக்கையும் பார்க்க வேண்டும். கடற்கொள்ளையர் கேப்டன் கிட் லண்டனில் தூக்கிலிடப்பட்டது 1701-இல். ராயல் ஆர்ச் பற்றிய எழுத்துச் சான்றுகள் கிடைப்பதோ 1740களிலிருந்துதான். கிட்டின் பெயரைச் சொல்லிக் காட்டப்படும் தாளில் இந்த நிலவறைச் சடங்கின் குறிகள் இருந்தால், அவர் வரைந்தது என்பதை நான் நம்பமாட்டேன். சின்னங்கள் பூட்டிவைத்த ரகசியமாகவும் இருந்ததில்லை. அமெரிக்க மேசன் ஜெரமி கிராஸ் 1819-இலேயே அவற்றைப் படங்களாக அச்சிட்டு வெளியிட்டார். லாட்ஜ் வாசலை மிதிக்காதவர்கூட அவற்றைப் பார்த்து வரைந்துவிட முடியும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இத்தகைய வாசிப்பை நம்பி மண்வெட்டியோடு கிளம்புகிறவர்கள் உண்டு. புதையல் தேடும் குழிகள் உயிரையும் வாங்கும். ஓக் தீவில் 1965 ஆகஸ்ட் 17 அன்று புதையல் தேடிய ராபர்ட் ரெஸ்டாலும் அவர் மகனும், காப்பாற்ற இறங்கிய இருவரும் ஒரே குழியில் இறந்தார்கள்.

கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், அந்த வரைபடத்தின் தாள் எந்தக் காலத்தது, மை எத்தகையது, முதன்முதலில் அது எப்போது, யாரிடமிருந்து வெளிப்பட்டது என்ற விவரங்களையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்