கானாவுக்குக் கைதட்டிய அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சென்னை கண்ணகி நகரில் நடந்த விழாவில் எங்கள் பையன் ஒருவன் கானா பாடினான். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டீர்கள். கைதட்டினீர்கள், பொன்னாடை போர்த்தினீர்கள். விலாசத்தைச் சொன்னதும் வேலை கைநழுவிப் போன கதையைத்தான் அவன் பாடினான். அது அவனுக்கே நடந்தது என்று அங்கேயே சொன்னான். அதைப் பற்றி உங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன். எங்கள் பக்கத்திலேயே இருக்கிற ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு நிறுவனத்துக்கு நேர்காணலுக்குப் போனான். சம்பளம்வரை பேசியாகிவிட்டது. கடைசியில் ஆதார் நகலை வாங்கிப் பார்த்தவர், "கண்ணகி நகரா?" என்று கேட்டுவிட்டு, "சரி தம்பி, சொல்லி அனுப்புறோம்" என்றாராம். அதோடு சரி. இப்போது அந்த நிறுவனத்தின் வாசலுக்கே சாப்பாடு டெலிவரி கொண்டுபோகிறான்.

மாலையில் இங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். "மிஸ், பயோடேட்டாவுல துரைப்பாக்கம்னு மட்டும் போட்டுக்கவா?" என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

இந்த விலாசத்தை நாங்கள் தேடிப் போய் வாங்கவில்லை. நகரத்துக்குள் பிழைத்துக்கொண்டிருந்தவர்களை 2000-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது அரசு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புகளில் ஏற்றியதும் அரசுதான். வீடு கொடுத்தவர்களுக்கு, அந்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு இல்லையா? அதனால்தான் கேட்கிறோம்: ஓ.எம்.ஆர். நிறுவனங்களை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். விலாசத்தைப் பார்த்து யாரையும் ஒதுக்கமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள்.

வேலை மட்டும் என்றில்லை. எங்கே என்ன திருட்டு நடந்தாலும் இரவில் தெருவில் நிற்கிற எங்கள் பையன்களைத்தான் முதலில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். சினிமாவில் ரவுடி வேண்டுமென்றாலும் எங்கள் தெருதான். 2025 அக்டோபரில் எங்கள் கார்த்திகா பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்று வந்தபோது, எல்லோரும் எங்கள் ஊர்ப் பெயரை வாய் நிறையச் சொன்னார்கள். எங்களுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போனது. ஆனால், ஒரு சாதாரண வேலைக்குப் போகிற பிள்ளையும் தங்கம் வாங்கிக் காட்டினால்தான் நம்புவீர்களா?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அடுத்த கல்வியாண்டு முடிந்து பிள்ளைகள் வேலை தேடிக் கிளம்புவதற்குள் அந்தக் கூட்டத்தை நடத்துங்கள், அதைக் கண்ணகி நகரிலேயே நடத்துங்கள். எங்கள் பிள்ளைகளும் சான்றிதழ்களோடு வந்து உட்காரட்டும். தேதியை மட்டும் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கண்ணகி நகர் டியூஷன் ஆசிரியை ஒருத்தி